மார் என்று யாரும் கத்தவில்லை

எனக்கு வந்த நோய் முதலில் நெஞ்சில் தெரியவில்லை, இருமலிலும் தெரியவில்லை. இடது முழங்கையில்தான் தெரிந்தது. குத்துச்சண்டைக்கு நிற்கும்போது கன்னத்தை ஒட்டி இருக்கவேண்டிய கை, என்னைக் கேட்காமலே இறங்கி விலாவோடு ஒட்டிக்கொண்டது. நான் ஏற்றி வைப்பேன். சற்று நேரத்தில் அது மறுபடி இறங்கியிருக்கும். ஒரு குளிர்காலத்தின் பின்பாதி முழுக்க எனக்கும் அந்தக் கைக்கும் இதே வழக்குத்தான்.

நெஞ்சில் நீர் கோத்துப் படுத்திருக்கும் யாராவது, அல்லது அப்படிப் படுத்திருப்பவருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கும் யாராவது படிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை. பெயர் ஆறுமுகம், கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா. எனக்கு இப்படி வந்தது, இப்படிப் போனது என்று மட்டும்தான் என்னால் சொல்லமுடியும். நடுவில் என் சிநேகிதன் நிகிலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவனை விட்டுவிட்டு இந்த நோயைச் சொல்ல எனக்குத் தெரியாது.

திருநெல்வேலியிலிருந்து நான் இங்கே வந்தது அக்காவையும் அத்தானையும் நம்பி. அத்தானுக்கு ஒரு பாங்கியில் உத்தியோகம், பவானிப்பூரில் வாடகை வீடு. வந்த புதிதில் எனக்குப் பெங்காலி ஒரு வார்த்தை தெரியாது. நிகில் கார்டன் ரீச்சில் ஒரு கப்பல் பட்டறையில் படம் வரைகிற வேலை பார்த்தான். ஏதோ காரியமாக எங்கள் ஆபீசுக்கு வந்தவன், என் தோளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குத்துச்சண்டை போடுவாயா என்று இங்கிலீஷில் கேட்டான். அப்படியென்றால் என்ன என்று கேட்கக் கூச்சப்பட்டு, போடுவேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

அவன் பட்டறைக்குப் பின்னால், மரக்கட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். எல்லோரும் ஒரே வயது, எல்லோரும் வாரம் முழுக்க மேஜைமேல் குனிந்து முதுகு வளைந்தவர்கள். துறைமுகத்துக்கு வரும் மாலுமிகள் குத்துவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எங்கள் வித்தை. குருவென்று ஒருவரும் கிடையாது. இரண்டு பேர் ஸ்பாரிங் (எதிரெதிரே நின்று போடும் பயிற்சிச் சண்டை) போடும்போது, சுற்றி நிற்பவர்கள் கத்துவதுதான் பாடம்.

முதல் நாள் அவர்கள் என்னைப் பார்த்துக் கத்தியது, ‘மார், மார்’ என்று.

மாரைப் பார்த்துக்கொள் என்கிறார்கள் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? இரண்டு கையையும் இறக்கி மாரை மூடிக்கொண்டேன். நிகிலின் குத்து நேரே மூக்கில் விழுந்தது. அவர்கள் இன்னும் பலமாக ‘மார்’ என்றார்கள். நான் இன்னும் இறுக்கமாக மூடினேன். மூக்கில் அடுத்ததும் விழுந்தது. இந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், எச்சரிக்கத்தான் செய்கிறார்கள், நமக்குத்தான் சமர்த்துப் போதவில்லை என்று அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெங்காலியில் மார் என்றால் ‘அடி’ என்று அர்த்தம். இதை எனக்கு யார் சொன்னார்கள்? அடி அடி என்று அவர்கள் என்னைத் தூண்டிக்கொண்டிருக்க, நான் மாரைப் பொத்திக்கொண்டு மூக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிகில்தான் சண்டையை நிறுத்தி, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று விசாரித்தான். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் மார் என்றேன். அவன் சிரித்துச் சிரித்துக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். அன்றுமுதல் அந்தக் கொட்டகையில் யார் கையை இறக்கினாலும் ‘தமிழுக்குப் போயிட்டான்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லவேண்டும். பெங்காலியில் ‘நீ’ என்பதற்குப் படிகள் உண்டு. பெரியவர்களுக்கு ஒன்று. மரியாதையோடு பழகுகிறவர்களுக்கு ‘துமி’. உரிமையுள்ளவர்களுக்கு ‘துயி’, நம் ஊர் ‘ஏலே’ மாதிரி. மார் என்பது துயியோடு சேர்ந்த சொல். துமி என்று அழைக்கிறவனிடம் ‘மாரோ’ என்று மரியாதையாக நீட்டிச் சொல்லவேண்டும். நிகில் என்னை முதல் வாரத்திலேயே துயி ஆக்கிக்கொண்டான். அவன் வாயில் எனக்கு எப்போதும் மார்தான்.

அவன் ஸ்பாரிங் போடுவதைப் பார்க்க வேண்டுமே. ஆள் ஒல்லி. கால் தரையில் பாவுகிறதா என்று சந்தேகமாக இருக்கும். எதிரில் நிற்பவனுக்கு எவ்வளவு தாங்கும் என்று அவன் கைக்குத் தெரியும், அதற்கு மேல் ஒரு இம்மி போகாது. நான் ஒரு நல்ல குத்து விட்டால், வாங்கிக்கொண்ட அவன் முகம்தான் முதலில் மலரும். ஜெயிப்பதற்கு இல்லை, ஒருத்தன் கையை ஒருத்தன் படிக்கிறதற்குத்தான் ஸ்பாரிங் என்பான். என் கையை அவன் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஆழ்ந்து மூச்சிழுத்தால் இடது விலாவில் ஊசி குத்தினாற்போல் ஒரு வலி வர ஆரம்பித்தது. சுளுக்கு என்று நினைத்தேன். அக்கா சூடாக எண்ணெய் தேய்த்துவிட்டாள். சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காயும். வறட்டு இருமல் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நாளில் ஊசி வலி தானாகவே நின்றுவிட்டது. நல்லதாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இதைப் படிப்பவர்கள் இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வலி நின்றதற்குக் காரணம், அங்கே நீர் சேர்ந்துவிட்டது என்பதுதான். வலி போன பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முழங்கை இறங்கத் தொடங்கியது அப்போதுதான். கொட்டகையில் எல்லோருக்கும் கொண்டாட்டம். இவ்வளவு நாள் கழித்து ஆறுமுகம் மறுபடி தமிழுக்குப் போயிட்டான் என்று கேலி. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பழைய வேடிக்கை எனக்கு நல்ல போர்வையாக இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

மாசிக் கடைசி என்று நினைவு. நிகிலும் நானும் ஸ்பாரிங். அன்று கூட்டம் குறைவு, வந்திருந்தவர்களும் தேநீர்க்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நிகில் வலக்கையால் என் இடது விலாவில் ஒன்று வைத்தான். பலமான குத்து இல்லை. நூறு தடவை வாங்கிய அதே குத்துதான். ஆனால் இழுத்த மூச்சு உள்ளே போகவில்லை. கதவை யாரோ உள்பக்கம் தாழ் போட்டுவிட்டார்கள். இரண்டு கையையும் மாரில் வைத்துக்கொண்டு மண்டி போட்டுவிட்டேன்.

தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் வழக்கம்போல், தமிழுக்குப் போயிட்டான் என்று சிரித்தார்கள். நிகில் சிரிக்கவில்லை. பல்லால் கையுறைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என் முன்னால் உட்கார்ந்தான்.

“யாரும் மார்னு கத்தலையே. அப்புறம் எதுக்குடா மூடினே?”

எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை.

“போன வாரமும் யாரும் கத்தலை. அதுக்கு முந்தின வாரமும் கத்தலை” என்றான்.

எத்தனை பேர் அந்தக் கையைப் பார்த்தோம். நானே பார்த்தேன். அது வேடிக்கை இல்லை, அந்த வேடிக்கைக்கு வேண்டிய சத்தமே அங்கே இல்லை என்று அவன் ஒருவனுக்குத்தான் தோன்றியது.

கிதிர்பூர் வரை குதிரைவண்டியில் கூட்டிப்போய் அவனுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் உட்காரவைத்தான். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் இடது நடுவிரலைப் படிய வைத்து, வலது விரலால் அதன்மேல் தட்டினார். வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை காலிப் பானையைத் தட்டுகிற சத்தம். இடப்பக்கம் பாதி வந்ததும் சத்தம் செத்துவிட்டது. நிறைகுடத்தைத் தட்டினாற்போல் தொப், தொப் என்றது. சத்தம் மாறிய இடத்தில் அவர் மையால் ஒரு கோடு போட்டார். நிகில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ப்ளூரிசி (நுரையீரலைப் போர்த்தியிருக்கும் இரட்டைச் சவ்வு வீங்கி, அவற்றுக்கு இடையில் நீர் கோத்துக்கொள்வது) என்றார். ஊசி போட்டு நீரை எடுக்கவேண்டும், இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். க்ஷயத்தின் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) வேர் இதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், காலம்தான் சொல்லும் என்று ஒளிக்காமல் சொன்னார். ஒளிக்காமல் சொன்னதற்காக அவரை அந்த நிமிஷம் வெறுத்தேன். பிற்பாடு அதற்காகவே கும்பிட்டேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நிகில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக் குத்துச்சண்டை உடுப்புக்கு மேலேயே ஒரு சால்வை. அக்காவும் அத்தானும் ஓடி வந்தார்கள். என்ன நடந்தது என்று அத்தான் கேட்க, நிகில் உள்ளதை உள்ளபடி இங்கிலீஷில் சொன்னான். நான் அடித்தேன், விழுந்துவிட்டான் என்றான். அத்தான் அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னார். அவ்வளவுதான். அக்கா அவன்மேல் பாய்ந்துவிட்டாள்.

“பாவிப் பயலே, எந் தம்பிய மாருல அடிச்சுப் படுக்கப் போட்டுட்டியே. ஒனக்கு அவன் என்னலே செஞ்சான்?”

நிகிலுக்குத் தமிழில் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைதான் அவன் காதில் விழுந்தது. மார். அவன் பாஷையில் கேட்டாலும் எங்கள் பாஷையில் கேட்டாலும் அவனைக் குற்றவாளியாக்குகிற வார்த்தை. உள்ளே கட்டிலில் கிடந்த நான் திறந்த கதவு வழியாக அவன் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் வற்றிப்போய்விட்டது. கை இரண்டையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

ஊசி போடுகிற அன்று யாராவது ஒருவர் முன்னால் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அக்காவால் முடியாது, அத்தானுக்கு ரத்தம் கண்டால் மயக்கம். நிகில் வந்தான். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, அதன் முதுகுமேல் என் கைகளை மடித்து வைத்துக் குனிந்திருந்தேன். ஊசி பின்பக்கம் இரண்டு விலாவுக்கு நடுவில் இறங்கும். இருமக்கூடாது, அசையக்கூடாது. ஊசியோடு சேர்ந்த குழாயின் மறுமுனையில் காற்றை உறிஞ்சி எடுத்த சீசா ஒன்று. நீர் அதில் வந்து விழும்.

நிகில் என் முன்னால் மண்டியிட்டு என் இரண்டு முஷ்டியையும் தன் கைக்குள் பொத்திக்கொண்டான். ஊசி உள்ளே போனபோது எனக்கு அவன் கண்தான் தெரிந்தது. சண்டையில் அடுத்த குத்து எங்கே வரும் என்று கண்ணில் பார் என்பானே, அந்தக் கண். வைக்கோல் ஊறின தண்ணீர் நிறத்தில் நீர் சீசாவில் வழிந்தது. எனக்கு இருமல் முட்டியது. அவன் என் கையை இறுக்கி, அசையாதே என்று மெதுவாகச் சொன்னான். நான் அசையவில்லை. ஆனால் அவன் சொன்ன விதம் காதில் உறுத்தியது. துமி போட்டுச் சொன்னான்.

நோயாளி ஆனவுடன் உலகம் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுகிறது. உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். ஆபீசிலிருந்து வந்த பெரியவர் என்னை நீங்கள் என்றார். என்னை அதட்டியே பழகிய அத்தான் குரலைத் தாழ்த்திப் பேசினார். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. நிகில் துமி என்றதுதான் உறைத்தது. சவம், நான் செத்துத்தான் போகப்போகிறேன் போலிருக்கிறது என்று அப்போதுதான் முதல் தடவை நினைத்தேன்.

நீரை எடுத்த பிறகு டாக்டர் எங்களிடம் பேசினார். நீர் போய்விட்டது, ஆனால் அது அழுத்திவைத்த நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது. அது மெல்ல விரிந்தால் பழைய ஆளாகலாம். சவ்வோடு ஒட்டிக்கொண்டுவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஓடுவது, மாடி ஏறுவது, குத்துச்சண்டை எதுவும் நினைக்கவேண்டாம். ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். அக்கா அவரிடம் கேட்கவேண்டியதை அத்தானை விட்டுக் கேட்டாள். அந்தப் பையன் அடித்ததால்தானே இது வந்தது?

டாக்டர் தலையை ஆட்டினார். “இல்லையம்மா. நீர் சேர்ந்து பல வாரம் ஆச்சு. அந்த அடி படாம இருந்தா இவர் இன்னும் தாமதமாத்தான் வந்திருப்பார். அப்போ நான் என்ன செஞ்சிருக்க முடியும்னு எனக்குத் தெரியாது.”

அக்கா அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிகிலைச் சாப்பிட அழைத்துச் சொதி வைத்தாள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு அது. மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. இலையில் இஞ்சித் துவையலை மறுபடி மறுபடி வைத்தாள். நிகில் வியர்த்துக் கண்ணீர் வடித்துக்கொண்டே, நன்றாயிருக்கிறது திதி (பெங்காலியில் அக்கா), நன்றாயிருக்கிறது என்று தின்றான். அக்காமேல் அவனுக்கு வருத்தமே இல்லை. தன் கைமேல்தான் இருந்தது. அதை டாக்டர் சொன்னதாலும் போக்க முடியவில்லை, சொதியாலும் போக்க முடியவில்லை.

வீட்டில் மீன் எண்ணெய் வந்து சேர்ந்தது. தினம் பாலோடு கொடுக்கச் சொல்லி டாக்டர் கட்டளை. சைவப் பிள்ளைமார் வீட்டில் கவுச்சி! அக்கா அந்தப் பாட்டிலைச் சமையலறைக்குள் விடாமல் சன்னலுக்கு வெளியே தட்டில் வைத்து, கரண்டியைத் தனியாகக் கழுவி, கண்ணை மூடிக்கொண்டு எனக்குப் புகட்டுவாள். அதைக் குடித்த வாயோடு நான் அவள் பக்கம் திரும்பினால் முகத்தை மறைத்துக்கொள்வாள். மீன் தின்னாத ஒருவன் கல்கத்தாவில் பிழைக்க முடியாது என்று நான் அப்போதே சொன்னேனே என்று நிகில் சொன்னபோது, பல நாள் கழித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

நுரையீரலை விரிக்க டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். இரண்டு சீசாக்களை இறுக மூடி, ரப்பர் குழாயால் இணைத்து, ஒன்றில் தண்ணீர் நிரப்பி, வாயால் ஊதி ஊதி அந்தத் தண்ணீரை மற்றதுக்கு ஏற்றவேண்டும். பிறகு அங்கிருந்து இங்கே. நிகில் பட்டறையில் கிடைத்த கண்ணாடிச் சீசாக்களை வைத்து அதைக் கட்டிக்கொண்டு வந்தான். தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கட்டிலில் இருந்தே தெரியட்டும் என்று தான் படம் வரைகிற நீல மையைக் கலந்திருந்தான். முதல் நாள் நான் ஊதினேன். நீலம் குழாயில் ஒரு விரற்கடை ஏறி, திரும்பி வந்துவிட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். அவன் என்னைத் தேற்றவில்லை. எதிரில் உட்கார்ந்து, ஏறாதா என்று அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உடம்பு தேறுவது என்பது ஏணியில் ஏறுவது அல்ல. நேற்று பாதி ஏறிய நீலம் இன்று அடியிலேயே கிடக்கும். அன்றைக்குச் சீசாவை உடைக்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது, ஒன்றை உடைத்தும் விட்டேன். நிகில் மறுநாள் வேறொன்று கொண்டுவந்து வைத்தான். வேலை முடிந்து கார்டன் ரீச்சிலிருந்து பவானிப்பூர் வரை தினமும் வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்க அவனுக்கு என்ன தலையெழுத்து? சிநேகிதம் என்றால் இதுதான் என்று எனக்கு வேறு யாரும் காட்டியதில்லை.

கோடை வந்தபோது அத்தான் ஒரு நாள் பேச்சை எடுத்தார். “இவன ஊருக்கு அனுப்பிருவோம். இந்தத் தண்ணியும் காத்தும் இவனுக்கு ஒத்துக்கிடல.” அவர் சொன்னது பாசத்தில்தான். ஆனால் போனால் நான் திரும்பமாட்டேன், நுரையீரல் விரிந்ததா இல்லையா என்று யாரும் கேட்காமல் காலம் முழுக்க நோயாளியாகவே இருந்துவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. அக்கா எனக்காகப் பேசினாள். ஊதுற வேலை இங்கனதான் நடக்குது, அந்தப் பையன ஊருக்கு யார் கூட்டிட்டுப் போவா என்று கேட்டாள். அத்தான் அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

மழைக்காலத்தில் சளியைச் சோதித்தார்கள், க்ஷயத்தின் அடையாளம் இல்லை என்றார்கள். காய்ச்சல் நின்றது. நவராத்திரி சமயம், இந்த ஊர்ப் பூஜை மேளம் கேட்கிற நாட்களில் நீலம் முழுச் சீசாவும் ஏறியது. டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்து, கைகால் அசைக்கலாம், மெல்ல ஆரம்பி என்றார். பனி விழத் தொடங்கியதும் நான் கொட்டகைக்குப் போனேன்.

நிகில் எனக்குக் கையுறை கட்டிவிட்டான். தானும் கட்டிக்கொண்டு எதிரில் நின்றான். எனக்கு ஒரே சந்தோஷம். அவன் இரண்டு கையையும் விரித்து என் குத்தை வாங்கிக்கொள்ளத் தயாரானான். “மாரோ” என்றான்.

குத்தினேன். “மாரோ, மாரோ” என்றான் அன்பாக. திருப்பி ஒரு குத்துகூட வரவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. எனக்கு விசிறிவிடுகிறவன் மாதிரி நின்றான். சுற்றி நிற்பவர்களும் ஆறுமுகத்துக்கு நோகாமல் பார்த்துக்கொள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையுறையைக் கழற்றித் தரையில் வீசிவிட்டு, நீ அடிக்கமாட்டாய் என்றால் நான் வரவில்லை என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். “என் கை அங்கே போகமாட்டேங்குது” என்றான். “திதி கத்தினது காதுல கேட்குது.”

டாக்டர் சொன்னாரே என்றேன். டாக்டர் சொன்னது புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியலை என்றான்.

சரி, கைக்கே சொல்லுவோம் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றி அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன். டாக்டர் தட்டியது போல் தட்டு என்றேன். முதலில் மாட்டேன் என்றான். பிறகு அவன் விரல் என் முதுகில் படிந்தது, குளிர்ந்திருந்தது. வலப்பக்கம் தட்டினான். காலிப் பானை. இடப்பக்கம் மேலே தட்டினான். காலிப் பானை. மெல்ல மெல்லக் கீழே இறங்கினான். மைக்கோடு எங்கே இருந்தது என்று என்னைவிட அவனுக்குத்தான் தெரியும். அந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. தட்டினான். சத்தம் சாகவில்லை. அதற்குக் கீழே தட்டினான். அங்கேயும் சாகவில்லை. மறுபடி வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். இரண்டும் ஒரே பானை.

என் முதுகில் அவன் நெற்றி ஒரு நிமிஷம் சாய்ந்திருந்தது. ஈரமாக இருந்தது.

பிறகு அவன் கீழே கிடந்த என் கையுறையை எடுத்துத் தூசி தட்டிக் கட்டிவிட்டான். எதிரில் போய் நின்றான். கால் அந்தப் பழைய மாதிரி தரையில் பாவாமல் நகர ஆரம்பித்தது. கண்ணைப் பார்த்தேன். வலக்கை வரப்போகிறது என்று தெரிந்தது.

“மார்” என்றான்.

எந்தப் பாஷையில் சொன்னான் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. என் இடது முழங்கை இறங்கி மாரை மூடியது, அவன் குத்து அதன்மேல் வந்து விழுந்தது. அதே நேரத்தில் என் வலக்கை போய் அவன் காதோரம் இறங்கியது. இரண்டு பாஷைக்கும் இரண்டு கை போயிற்று. அவன் காதைத் தடவிக்கொண்டு, முகமெல்லாம் மலர்ந்து, ஏலே இது நல்ல குத்துடா என்கிற அர்த்தத்தில் துயி போட்டு ஏதோ சொன்னான். எனக்கு மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சு உள்ளே போயிற்று, அடிவரைக்கும் போயிற்று.

நான் பழைய ஆளாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஓடிப்போய் டிராம் பிடிப்பதில்லை. அது போகட்டும், அடுத்தது வரும் என்று நிற்கிறேன். அப்படி நிற்கிற நேரம் வீண் என்று முன்பு நினைப்பேன். இப்போது அந்த நேரத்தில் மூச்சு விடுகிறேன், அதுவும் ஒரு வேலைதான் என்று தெரிந்துவிட்டது. இடது பக்கம் என்று எனக்கு ஒன்று இருக்கிறது என்பதே முன்பு நினைவிருக்காது. இப்போது நாள் முழுக்க அது என்கூட வருகிறது.

இந்த ஊரில் கடைத்தெருவில் சண்டைக்குக் குறைவில்லை. யாராவது யாரையாவது பார்த்து ‘மார்’ என்று கத்தினால், என் இடது கை தானாகப் போய் நெஞ்சைத் தொடுகிறது. உள்ளே ஏறி இறங்குகிறது. அது தெரிந்த பிறகுதான் மேலே நடக்கிறேன்.